இன்ச் டேப்பும் கேப்பை பிஸ்கட்டும்

போன ஞாயிற்றுக்கிழமை, திண்டிவனத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட். என் அக்கா பிஸ்கட் ரேக்கை இன்ச் டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார். டேப்பின் மறுமுனையைப் பிடித்தபடி மாமா. எழுதிக்கொள்ள நான்.

மேனேஜர் ஓடி வந்தார்.

"என்னாக்கா பண்ணிக்கினு இருக்கீங்க? கஸ்டமருங்க பாக்கறாங்க."

"பாக்கட்டும்" என்றார் அக்கா. "தம்பி, எழுதுடா. பிஸ்கட்டு, பதினெட்டு அடி."

அக்கா டெய்லர். கழுத்தில் டேப் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. ஆனால் கடை ரேக்கை அளக்கும் அளவுக்கு அவருக்குக் கோபம் வந்ததை நானே அன்றுதான் பார்த்தேன். காரணம் இருக்கிறது.

மாமா தனியார் பஸ் டிரைவர். திண்டிவனம் – மயிலம் ரூட். நாலு மாதம் முன்பு அவருக்கு சர்க்கரை என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டுக்குள் வராவிட்டால் இன்சுலின்தான் என்றும் சொன்னார். பஸ் முதலாளியோ, இன்சுலின் போடுகிறவரை ஸ்டியரிங்கில் உட்கார விடமாட்டேன் என்கிறவர். இருபத்தாறு வருஷ வேலை... ரத்தப் பரிசோதனைச் சீட்டில் வந்து நின்றது.

அக்கா களத்தில் இறங்கினார். டீயில் சர்க்கரை கட். பக்கத்து வீட்டிலிருந்து வந்த அதிரசம் அப்படியே திருப்பி அனுப்பப்பட்டது. பஸ் நிற்கிற இடத்தில் தள்ளுவண்டியில் மாமா தினமும் குடிக்கிற கேப்பைக் கூழும் கட் — "ரோட்டுப் புழுதி, சுத்தமில்ல." அதற்குப் பதிலாக அதே கேப்பையில் செய்த பிஸ்கட். பாக்கெட்டில் சுத்தமாக வருகிறதே! காலையில் ஒரு பாக்கெட், மாலையில் ஒரு பாக்கெட். ராத்திரி சோற்றுக்குப் பதில் பிரவுன் பிரெட். மாமாவுக்கென்று வாங்கியதை வீட்டில் வேறு யாரும் தொடக்கூடாது என்று கண்டிப்பு வேறு.

மாமா மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார். அடுத்த டெஸ்டில் சர்க்கரை ஏறியிருந்தது. அதற்கடுத்த டெஸ்டில் இன்னும் ஏறியிருந்தது.

பிறகென்ன, விசாரணைதான். அக்கா தினமும் சட்டைப் பையைத் துழாவினார். கண்டக்டருக்கு போன் போட்டு, "உங்க டிரைவரு எந்த ஸ்டாப்புல ஸ்வீட்டு வாங்கறாரு?" என்று கேட்டார். டாக்டர் மாமாவைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தாராம். "மயிலம் முருகன் மேல சத்தியமா ஒண்ணும் துன்னல" என்றார் மாமா. யார் நம்பினார்கள்? விழுப்புரத்திலிருந்து போன் போட்டு, வாயைக் கட்டுவது எப்படி என்று அவருக்கு அரை மணி நேரம் உபதேசம் செய்த புண்ணியவான் நான்தான்.

ஞாயிறு காலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். கண்டிப்பையும் மீறி டீக்குத் தொட்டுக்கொள்ள அந்த பிஸ்கட்டையே எடுத்தேன். தித்தித்தது. நன்றாகவே தித்தித்தது.

"மாமா, இது இப்படி இனிக்குதுன்னு நீங்களாவது சொல்லக்கூடாதா?"

"இருக்கறதே அது ஒண்ணு மாப்ள. சொன்னா அதயும் புடுங்கிடுவா."

பாக்கெட்டின் முன்பக்கம் கேப்பைக் கதிர், பச்சை வயல், சிரிக்கிற விவசாயி. பின்பக்கம் எறும்பு சைஸில் எழுத்து. போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் படித்தேன். சேர்த்ததில் எது அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். முதலில் மைதா. அடுத்து சர்க்கரை. அடுத்து பாமாயில். கேப்பை? உப்புக்கு ஒரு படி முன்னால் ஒதுங்கி நின்றுகொண்டிருந்தது. பிரெட்டையும் திருப்பினேன். அதுவும் மைதாதான். பழுப்பாகத் தெரிவதற்குக் கலர்.

உரக்கப் படித்துக் காட்டினேன். அக்கா பாக்கெட்டை வாங்கித் தானும் ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு, "ஆட்டோவக் கூப்புடு" என்றார்.

இப்படித்தான் அளவெடுக்கும் படலம் தொடங்கியது. பிஸ்கட் பதினெட்டு அடி. சிப்ஸ் வகையறா பதினாலு. கலர் தண்ணீரும் ஜூஸும் பன்னிரண்டு. பில் போடுகிற இடத்தில், குழந்தைகளின் கைக்கு எட்டுகிற உயரத்தில், சாக்லேட் நாலடி. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விளைகிற சீமையில் வெறும் வறுத்த மல்லாட்டை இல்லை. மாவில் புரட்டி எண்ணெயில் பொரித்தது இருந்தது. முழுக் கேப்பை எங்கே என்று கேட்டோம். கடைசி வரிசை, அடித்தட்டு, பினாயிலுக்கும் துடைப்பத்துக்கும் நடுவில். ஒன்றேகால் அடி.

"நம்ம கையில என்னா சார் இருக்குது?" என்றார் மேனேஜர். "கண்ணுக்கு நேரா இருக்கற தட்டுக்கு கம்பெனிக்காரன் வாடகை குடுக்கறான். கேப்பை மூட்டை போடறவரு எங்க போவாரு?"

தராசுக்கு முத்திரை குத்துகிறார்கள். ஐம்பது கிராம் குறைந்தால் கடைக்காரரிடம் மல்லுக்கு நிற்கிறோம். ஜாக்கெட் ஒரு இன்ச் பிடித்தால் அக்காவை எந்தக் கஸ்டமராவது சும்மா விடுவாரா? ஆனால் ஒரு கடையில் உடம்புக்கு ஆகிற சாமான் எத்தனை அடி, ஆகாதது எத்தனை அடி — இதை அளக்க ஓர் ஆள் உண்டா? கேட்டால், 'பின்னாடி எழுதியிருக்கோமே' என்பார்கள். எழுதியிருக்கிறீர்கள், சரி. பூதக்கண்ணாடியையும் சேர்த்துக் கொடுப்பதுதானே? விழுப்புரத்தில் எங்கள் தெருமுனைக் கடையிலும் இதே லட்சணம்தான். வருஷக்கணக்கில் போய் வருகிறேன், ஒரு நாள்கூடத் திருப்பிப் பார்த்ததில்லை.

என்னைக் குடைவது வேறொன்று. யாரோ அச்சடித்த படத்தை நாலு மாதம் நம்பினோம். கூடவே இருக்கிற மனுஷன் சத்தியம் செய்தும் நம்பவில்லை.

மாதக் கடைசியில் மாமாவுக்கு மறுபடி டெஸ்ட். அதுவரைதான் முதலாளி பொறுத்திருப்பாராம். அக்கா இரண்டு கிலோ கேப்பை வாங்கினார். மன்னிப்புக் கேட்கவில்லை, அவருக்கு அது வராது. ஆட்டோவில் ஏறியதும், "நாளைலேருந்து நானே கூழு காய்ச்சித் தர்றேன்" என்று மட்டும் சொன்னார்.

மாமா ரோட்டைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"எப்படியும் திருட்டுப் பேரு வாங்கியாச்சி மாப்ள. ரெண்டு ஜாங்கிரியாவது துன்னிருக்கலாம்."