அக்கா மறுபடி படிக்கப் போன காரணம்

கடந்த ஆண்டு ஆனி மாதத்தில், ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அது தொடங்கியது. பாகலூரிலிருந்து வந்த கொத்தமல்லி விவசாயி ஒருவர், மூக்கண்டப்பள்ளியில் உள்ள எங்கள் வீட்டுச் சுற்றுச்சுவர் மேல் ஒரு சோடா பாட்டிலை வைத்தார். உள்ளே சாம்பல் நிறத் தண்ணீர். மேலே விரலளவு நுரை. நாளிதழ் நிருபரான என் அக்கா எழுதிய செய்தி முந்தைய நாள் வெளியாகியிருந்தது. ஆலைக் கழிவு தம் வாய்க்காலில் கலப்பதாக அந்த விவசாயி கூறியதும், ஆலை நிர்வாகம் அதை மறுத்ததும் அதில் சம அளவில் இருந்தன.

“ரெண்டு பேரையும் பேச வுட்டுட்டு, தீர்ப்பு சொல்லாம துண்டை உதறிட்டுப் போன பஞ்சாயத்து மாதிரி இருக்குதும்மா உன் செய்தி,” என்றார், சிரித்துக்கொண்டே. அக்காவும் சிரித்தாள், காபி கொடுத்து அனுப்பினாள். பாட்டிலை உள்ளே எடுத்து வந்து சன்னலோரத்தில் வைத்தாள்.

அக்காவின் திறமையில் எனக்கு ஒருபோதும் ஐயம் இருந்ததில்லை. ஆலை வாயில்களில் தமிழிலும், எல்லையோரக் கிராமங்களில் கன்னடத்திலும் தெலுங்கிலும் கேள்வி கேட்பாள். கேட்டதைச் சொல் பிசகாமல் எழுதுவாள். இலக்கியம் படிக்கும் நான் ஒரு பத்தியைத் திருத்தி முடிப்பதற்குள் அவள் செய்தி அச்சுக்குப் போயிருக்கும். அப்படிப்பட்டவள் அன்று மாலை என்னிடம் சொன்னாள்: “எனக்குக் கேக்கத் தெரியுது பாப்பா. வந்த பதில் நெசமான்னு பாக்கத் தெரியல. கம்பெனில ஒரு டெஸ்ட் ரிப்போர்ட்டைக் காட்டினாங்க. போட்டோ புடிச்சுக்கிட்டேன். புரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டு வந்துட்டேன்.”

பெயரெடுத்த ஒருவர் தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை அன்றுதான் கண்டேன். பெங்களூரில் இதழியல் முதுகலைக்கு விண்ணப்பித்தாள். அவளுடைய தலைமை நிருபருக்கு அது வேடிக்கையாக இருந்தது.

“இத்தனை வருஷமா எழுதறவளுக்கு யாரும்மா பாடம் நடத்தறது? ரெண்டு வருஷம் கழிச்சு வந்தா இந்த நாற்காலி இருக்காது.”

“நாற்காலி இல்லன்னா நின்னுக்கிட்டே எழுதறேன் சார்.”

நாற்காலி உண்மையிலேயே போயிற்று. அக்கா தினமும் எல்லை தாண்டிப் பேருந்தில் கல்லூரிக்குப் போய்வந்தாள். சேர்க்கை நேர்காணலில் காரணம் கேட்டபோது, வாங்கிய பாராட்டுகள் எதையும் குறிப்பிடாமல், அந்தச் சோடா பாட்டிலைப் பற்றித்தான் சொன்னாளாம்.

இந்த ஆண்டு தை மாதத்தில் ஒரு மாலை, கைப்பேசியில் இருந்த அதே அறிக்கையை வரிவரியாக எனக்கு விளக்கினாள். சோதித்த தண்ணீர் ஆலைக்குள்ளிருந்த தொட்டியில் எடுக்கப்பட்டது. வாய்க்காலைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. அவளோ சன்னலைக் காட்டினாள். “இதுவும் சாட்சி ஆகாது. எங்க எடுத்தது, எப்ப எடுத்தது, யாருக்குத் தெரியும்?” பாட்டிலில் நுரை எப்போதோ அடங்கியிருந்தது.

மறுநாள் காலை, ஆய்வகத்தில் வாங்கிய புட்டிகளோடு இருவரும் பாகலூர் சென்றோம். அக்கா புடவையைச் செருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினாள். விவசாயி கரையில் நின்றபடி, “இன்னைக்கு யாரும்மா பேசறது? நானா, கம்பெனியா?” என்று கேட்டார்.

“தண்ணி பேசட்டும்ணா. நாம கொஞ்சம் சும்மா இருப்போம்.”

புட்டிகளின் மேல் இடத்தையும் நேரத்தையும் எழுதும் வேலை என்னுடையது. அவ்வளவு கவனமாக நான் எதையும் எழுதியதில்லை.