அக்காவின் பெயரில்

அப்பா இறந்து ஏழெட்டு மாதம் இருக்கும். தோட்டவெளி வீட்டில் நான் மட்டும்தான். தம்பிமார் இருவரும் பிரான்சில். காலையில் ஒருவருக்கு அளவாகச் சோறு வடித்து, அதிலும் பாதியைக் கட்டிக்கொண்டு, பஸ் ஏறி நானாட்டானில் இருக்கும் கந்தோருக்குப் போவேன். அங்கே பிறப்பு இறப்புப் பதிவுப் பகுதியில் இருபத்தாறு வருடமாக எழுதுவினைஞராக இருக்கிறேன். பின்னேரம் வந்து கதவைத் திறந்தால், காலையில் தலை துவட்டிக் கதிரையில் போட்டுவிட்டுப் போன துவாய் அதே மடிப்போடு கிடக்கும். வீட்டில் யாரும் எதையும் நகர்த்துவதில்லை என்பது எனக்கு இன்னும் பழகவேயில்லை.

கந்தோரைக் கூட்டித் துடைத்து எங்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றித் தருகிற ஒருவர் இருந்தார். கலவர காலத்தில், சிறுமியாக, மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து தாய் தகப்பனோடு ஓடி வந்தவர். புருஷன் வயல்களில் கூலி வேலை செய்து இறந்துபோனார். பிள்ளைகள் கலியாணம் கட்டித் தனித்தனியாகப் போய்விட்டார்கள். அடையாள அட்டைப்படி என்னைவிட மூன்று வயது மூத்தவர் என்பதால் நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை மிஸ் என்பார். பதினொரு வருடமாக எங்களுக்குள் நடந்த பேச்சு, சீனி போதுமா என்பதற்கு மேல் போனதில்லை.

ஒரு நாள் மத்தியானம், மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகு, அவர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். விளக்குமாறு கையிலேயே இருந்தது.

"மிஸ், ஒருத்தரோட பொறப்புப் பத்திரம் எடுக்கணும். மலைநாட்டுல பொறந்த புள்ள."

"ஆற்ற, அக்கா?"

"என்னோடது."

"உங்கட பத்திரம் ஃபைல்ல கிடக்கே. வேலைக்குச் சேரேக்க தந்தனீங்கள்."

"அது எங்க அக்காவோடது, மிஸ்."

நான் அவரை முன்னால் கிடந்த கதிரையில் இருக்கச் சொன்னேன். பதினொரு வருடத்தில் முதல் தடவையாக அதில் இருந்தார், நுனியில்.

அவர் சொன்னது இதுதான். அவருக்கு மூன்று வயது மூத்த அக்கா ஒருத்தி இருந்தாள். கலவரத்துக்கு முந்திய மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து செத்துப்போனாள். அவர்கள் குடியிருந்த லயத்துக்கு நெருப்பு வைத்தபோது பெட்டியில் இருந்த எல்லாப் பத்திரங்களும் எரிந்துபோயின. செத்த பிள்ளையின் பிறப்புப் பத்திரம் மட்டும் மிஞ்சியது. அதைத் தாய் வெற்றிலைப் பையில் மடித்து, எந்நேரமும் இடுப்பில் செருகி வைத்திருந்தார். முகாமில் பெயர் பதிந்த உத்தியோகத்தர் பத்திரம் கேட்டார். தாய் பையைத் திறந்து அதைக் கொடுத்தார். பக்கத்தில் நின்ற இளைய மகளின் தலையில் கையை வைத்து, இவள்தான் அது என்றார்.

"மொதல்ல வெளியாளுங்க முன்னாடிதான் அந்தப் பேரு," என்றார் அவர். "அப்புறம் வீட்டுலயும் அப்படியே கூப்பிட்டாங்க. எங்கம்மாவுக்கு அதுல ஒரு சொகம் இருந்திச்சு போல. நான் திரும்பிப் பாக்கறப்பல்லாம் அக்கா வந்த மாதிரி இருந்திருக்கும். நானும் வுட்டுட்டேன்."

"இப்ப என்னத்துக்கு அக்கா இது?"

"அம்மா போன மாசம் செத்துப் போச்சு, மிஸ். இனிமே எம் பேரு தெரிஞ்சவங்க யாருமே இல்ல."

அன்று பஸ்ஸில் வரும்போது அந்த வசனம் எனக்குள் கிடந்து உழன்றது. தபாலில் விண்ணப்பம் அனுப்பித் தேடச் சொல்லியிருக்கலாம். அதுதான் முறை. ஆனால் அடுத்த நாள் நான் லீவு எழுதிக் கொடுத்தேன். இரண்டு பேருமாக நேரில் போவோம் என்று அவரிடம் சொன்னேன். அவருக்கு உதவி செய்யப் போகிறேன் என்றுதான் அப்போது நினைத்தேன். உண்மையில், அந்த வீட்டில் தனியே இருக்க என்னால் முடியாமல் இருந்தது.

மதவாச்சி, அனுராதபுரம், கண்டி என்று பஸ் மாறி மாறிப் போனோம். தெரிந்த கன்னியர் மடமொன்றில் தங்கி, காலையில் பதிவுக் கந்தோருக்குப் போனோம். என் அரைகுறைச் சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னேன். அங்கிருந்த பெண் உத்தியோகத்தர் பொறுமையாகக் கேட்டு, இரண்டு மூன்று வருடங்களின் பதிவேடுகளை எடுத்துவரச் சொன்னார். வெளியே வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. மன்னார் வெயிலில் நாற்பது வருடம் காய்ந்த அவர், சேலைத் தலைப்பால் தோளை மூடிக்கொண்டு நடுங்கினார்.

மத்தியானம் ஆகும்போது உள்ளேயிருந்து ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள். சிங்கள உச்சரிப்பில் அது கொஞ்சம் நீண்டு கேட்டது. அவர் அசையவில்லை, மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முழங்கையால் தொடப்போய், கையை இழுத்துக்கொண்டேன். இரண்டாம் தடவையும் கூப்பிட்டார்கள். மெல்லத் தலையைத் திருப்பினார். பிறகு திடீரென்று எழும்பி, பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிடும்போது பிள்ளைகள் சொல்வதைப் போல, "நாந்தான்! நாந்தான் அது!" என்றார். அங்கிருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பத்திரத்தை வாங்கி நான்தான் வாசித்துக் காட்டினேன். பிறந்த திகதியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் என்னைவிட நான்கு மாதம் இளையவர்.

"இனி உங்களை அக்கா எண்டு கூப்பிடேலாது."

"பழகிட்டீங்க, வுடுங்க மிஸ்."

திரும்பி வரும் பஸ்ஸில் பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு நிறையப் பேசினார். தன் பெயரோடு இருந்த காலத்தில் சத்தம் போட்டுச் சிரிப்பாராம், மரம் ஏறுவாராம், யாருக்கும் பயப்படமாட்டாராம். அக்காதான் அமைதியான பிள்ளை. அக்காவின் பெயர் வந்த பிறகு தானும் அப்படியே அமைதியாகிவிட்டதாகச் சொன்னார். பிறகு சாதாரணமாக, வழியில் தெரிந்த ஒரு மரத்தைப் பற்றிக் கேட்பது போலக் கேட்டார்: "நீங்க என்னவாகணும்னு நெனச்சீங்க மிஸ், சின்னதுல?"

அதற்கு என்னிடம் தயாரான பதில் ஒன்று உண்டு. ஊரில் எல்லோருக்கும் அது தெரியும். தாதிப் பயிற்சிக்குத் தெரிவாகியிருந்தேன், அம்மா இறந்துவிட்டா, தம்பிமாரும் பின்னர் வெளிநாடு போய்விட்டார்கள், அப்பாவைத் தனியே விட முடியாமல் நின்றுவிட்டேன். எங்கள் மாதா கோயிலில் சுவாமி பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் என்னை உதாரணம் காட்டியிருக்கிறார். தம்பிமார் ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் தொலைபேசியில் அழுவார்கள்.

அதையே சொல்லத் தொடங்கினேன். அம்மா இறந்தது வரை சொன்னேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. பக்கத்தில் இருந்தவர் நாற்பது வருடம் மறைத்ததை எனக்குச் சொல்லியிருந்தார். அவர் மடியில் அந்தக் கடதாசி கிடந்தது.

"அப்பா என்னைப் போகச் சொன்னவர்," என்றேன். "பெட்டிகூட வாங்கித் தந்தவர். தம்பியவை அப்ப வீட்டிலதான் நிண்டவை, அவை பார்த்திருப்பினம். எனக்குத்தான் பயம். செக்பொயின்ற், தெரியாத ஊர், ஹொஸ்ரல், ரத்தம், எல்லாத்துக்கும் பயம். உங்களை விட்டிட்டு எப்பிடிப் போறது அப்பா எண்டு அழுதன். அவரும் பிறகு வற்புறுத்தேல்லை."

முப்பது வருடத்துக்கு மேல் அந்த மனிதரை நான் என் பயத்துக்குப் பெயராக வைத்திருந்தேன். படுக்கையில் கிடந்த கடைசி நாட்களில் அவர், "நீ போயிருக்கலாம் மகள்," என்று ஒரு தடவை சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு பார்த்ததற்கு நன்றியில்லை என்று நினைத்து, அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. எனக்கு விடுதலை தரத்தான் அதைச் சொன்னார் என்பது கெக்கிராவைக்கும் அனுராதபுரத்துக்கும் இடையில் எங்கோ, சன நெரிசலான பஸ்ஸில்தான் எனக்கு விளங்கியது.

பக்கத்தில் இருந்தவர் மடியில் கிடந்த பத்திரத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். "பயந்தா என்ன பண்றது மிஸ்," என்றார். கொஞ்ச நேரத்தில் தோடம்பழம் ஒன்றை உரித்துப் பாதியைத் தந்தார். எனக்கு அழுகை வந்தது. அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நானாட்டானுக்கு வந்த பிறகுதான் சிக்கல் தொடங்கியது. அடையாள அட்டையில் பெயரை மாற்றினால் விவாகப் பதிவை மாற்ற வேண்டும். பிள்ளைகளின் பத்திரங்களில் தாயின் பெயரை மாற்ற வேண்டும். காணி அனுமதிப் பத்திரமும் செத்த அக்காவின் பெயரில். ஒன்றை இழுத்தால் எல்லாம் கேள்வியாகும். நான் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டு, வழி இருக்கிறது, இரண்டு மூன்று வருடம் செல்லும் என்று சொன்னேன். நான் சொன்னதைக் கேட்டு அவர் மூன்று நாள் யோசித்தார்.

"வேணாம் மிஸ். புள்ளைங்க ஏன் கஷ்டப்படணும். பத்திரம் கையில இருக்கு. நான் பொறந்தேன்னு எழுதியிருக்கு. அது போதும்."

"போதுமா?"

"போதாது. ஆனா போதும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "யாரும் இல்லாதப்ப ஒரு தரம் எம் பேரச் சொல்லிக் கூப்பிடுங்க," என்றார்.

கூப்பிட்டேன். இம்முறை முதல் தடவையிலேயே திரும்பினார். பிறகு தேத்தண்ணீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, மூத்த தம்பிக்கு அழைப்பு எடுத்தேன். அவனுக்கு அப்போது காலை. பின்னால் பிள்ளைகளின் சத்தம் கேட்டது.

"தம்பி, அப்பா என்னைப் படிக்கப் போகச் சொன்னவர். நான்தான் பயத்தில போகேல்லை. அவருக்காக நிக்கேல்லை நான்."

அவன் வேறு அறைக்குப் போய்க் கதவைச் சாத்துவது கேட்டது.

"அதை ஏனக்கா இப்ப சொல்லுறியள்?"

"சொல்லோணும் போல இருந்தது."

"அப்பாவை நீங்கள்தானே பார்த்தனீங்கள். அது போதும்."

"பார்த்தனான். ஓம். ஆனா மற்றதும் உண்மை."

அவன் இருமினான். அங்கே குளிர் தொடங்கிவிட்டதாகச் சொன்னான், மகளுக்குத் தடிமன், மூக்கு ஒழுகுகிறது என்றான். நான் மல்லி அவித்துக் கொடுக்கச் சொன்னேன். பிறகு எடுக்கிறேன் என்று வைத்தான்.

அவன் நன்றி சொல்லிப் பழகிய அக்கா ஒருத்தி இருந்தாள். அவளை நான் அவனிடமிருந்து எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் யாரை வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும்தான் தெரியவில்லை. முற்றத்தில் வேப்பஞ்சருகு பறந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் இருக்கப் பிடிக்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு கீரிக் கடற்கரைக்குப் போனேன். கடல் காற்று ஆளைத் தள்ளியது. குடும்பங்கள் கூட்டம் கூட்டமாக வந்திருந்தன. ஒரு பக்கமாக மணலில் தனியே இருந்தேன். என்னைத் தெரிந்த ஒருவர் தூரத்தில் கையசைத்தார். நானும் அசைத்தேன். அவர் கிட்ட வரவில்லை.