பாலா, கோதுமையா: சரசுவின் வயிற்று வலி

கவிதா, முகிலா, போன வாரம் நீங்கள் இருவரும் போனில் எதையோ படித்துவிட்டு, "எங்களுக்குப் பால் ஒத்துக்கலப்பா" என்று பால் டம்ளரைத் தள்ளி வைத்தீர்கள். நானும் ஒரு தடவை இப்படித்தான் நானாகவே முடிவு கட்டினேன். அதில் ஒருத்தியின் வேலையே போகப் பார்த்தது. மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டவன் எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

1. பத்து மணி பிரேக்

சிரம்பான் பக்கம் சுங்கை காடுட்டில் நான் டெண்டர் எடுத்துச் சமைக்கும் தொழிற்சாலை கேண்டீனுக்கு சரசு தினமும் வருவாள். ரந்தாவ் பக்கத்து எஸ்டேட்டில் வீடு. புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். பேக்கிங் லைனில் கன்ட்ராக்ட் வேலை. பத்து மணிக்கு கோதுமை மாவில் போட்ட இரண்டு ரொட்டி சானாய், பால் ஊற்றி ஆற்றிய ஒரு தே தாரேக். லைனுக்குத் திரும்பியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்கு ஓடுவாள். ஒரே மாதத்தில் மூன்று முறை எம்.சி., அதாவது மருத்துவ விடுப்பு.

சூப்பர்வைசர் நாதன் கேண்டீனிலேயே வைத்துச் சொன்னார்.

"சரசு, உங்க வயித்துக்குத் தனியா ஷிப்ட் போடவா? இன்னொரு எம்.சி. வந்தா வருசக் கடைசியில கன்ட்ராக்ட் புதுப்பிக்க மாட்டாங்க லா."

யாரோ சிரித்தார்கள். சரசு தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

2. நான் டாக்டர் ஆனது

பால்தான் காரணம் என்று நான் சொன்னேன். தே தாரேக்கை நிறுத்தி, பால் இல்லாத தே-ஓ கொடுத்தேன். நாலு நாளில் உப்புசம் கொஞ்சம் குறைந்தது. "பாத்தியா தங்கச்சி, டாக்டர் பீஸ் மிச்சம்" என்று பெருமை அடித்தேன்.

ஒரு மாதம் போனது. சரசுவின் யூனிபார்ம் தொளதொளவென்று ஆனது. வாயில் புண். முழங்கையில் அரிப்பு, சிவந்த கொப்புளம். "பால விட்டாச்சே அண்ணே, இது என்னா?" என்று கேட்டாள். ஒரு நாள் லைனிலேயே மயங்கி விழுந்தாள். கேண்டீன் வேனில் நான்தான் கிளினிக்குக் கொண்டுபோனேன்.

டாக்டர் எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார்.

"பால் ஒத்துக்கலன்னா, குடிச்ச கொஞ்ச நேரத்துல வயிறு உப்பும், காத்து பிரியும், வயித்தால போகும். அன்னிக்கே அடங்கிரும். வாய்ப்புண்ணு, அரிப்பு, ரத்தம் கம்மி, எடை குறையறது, இதெல்லாம் பால் மட்டும் செய்யாது. கோதுமைய சந்தேகப்படணும். கோதுமையால குடல் புண்ணானா, கொஞ்ச காலம் பாலும் சேராது. அதான் பால விட்டப்ப பாதி நல்லானுச்சு."

"அப்ப இன்னிக்கே ரொட்டிய நிறுத்திரவா?" என்றேன்.

"டெஸ்ட் முடியிற வரைக்கும் நிறுத்தாதீங்க. நிறுத்திட்டா டெஸ்ட்ல தெரியாமப் போயிரும்."

சிரம்பானில் ரத்தம் எடுத்தார்கள், குடலுக்குள் ஸ்கோப் விட்டுப் பார்த்தார்கள். கோதுமைதான்.

3. தனி ரசம்

ரொட்டியை விட்டாள். மீ நூடுல்ஸை விட்டாள். கிச்சாப் என்கிற சோயா சாஸிலும் கோதுமை உண்டு என்று தெரிந்து அதையும் விட்டாள். சோறும் ரசமும்தான். வயிற்றுக்கு நல்லது என்று அவள் கிண்ணத்தில் மட்டும் பெருங்காயத் தூளை இரண்டு மடங்கு போட்டேன்.

ஐந்து வாரமாகியும் வலி நிற்கவில்லை. கழிவறைக்கு ஓட வேண்டி வரக்கூடாது என்று வேலை நேரத்தில் தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றாள். நாதன், "டெஸ்ட் எடுத்தாச்சு, ரொட்டிய விட்டாச்சு, இன்னும் என்னா நடிப்பு?" என்று கேட்டார். கன்ட்ராக்ட் முடிய இரண்டு மாதம் இருந்தது.

அன்று மத்தியானம் பெருங்காய டப்பா தீர்ந்து புதியதைப் பிரித்தேன். பாக்கெட்டுகளை எல்லாம் படிக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். இதை மட்டும் நான் படித்ததே இல்லை. மருந்துப் பொருளில் என்ன படிக்க இருக்கிறது என்று நினைத்தேன். பொடி எழுத்தில், மலாயில், தெப்போங் காண்டும் என்று போட்டிருந்தது. கோதுமை மாவு. பெருங்காயத்துக்கும் முன்னால், முதல் பெயராக.

சரசு ரசத்தைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"சரசு, கைய எடு."

"என்னா அண்ணே, பல்லி கில்லி விழுந்துருச்சா?"

டப்பாவைக் காட்டினேன். "இதுல கோதுமை இருக்கு. உனக்குன்னு நான்தான் ஜாஸ்தி போட்டேன்."

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். "நல்லாவணும்னுதான் போட்டீங்க. ஆனா நாதன் சார்கிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா இதுவும் நடிப்பும்பாரு."

4. ஆபீஸில்

டப்பாவோடு ஆபீஸுக்குப் போனேன். நாதன் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு சிட்டிக பெருங்காயத்துக்கா இவ்ளோ பாடு?"

"அவளுக்கு ஒரு சிட்டிக போதுமாம் சார். தப்பு என்னோடது. எழுதித் தர்றேன்."

"உங்க கேண்டீன் டெண்டர் இருக்கு, யோசிச்சீங்களா?"

"யோசிச்சிட்டுத்தான் வந்தேன்."

காகிதத்தை நகர்த்தினார். "எழுதுங்க. மேல அனுப்பறேன். முடிவு என் கையில இல்ல."

அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பெருங்காயம் நின்ற பிறகு வலி மெல்ல விட்டது, அரிப்பும் காய்ந்தது. விடுப்பு எடுக்காமல் வருடத்தை முடித்தாள். ஆறு மாதத்துக்குத்தான் புதுப்பித்தார்கள், ஆனால் புதுப்பித்தார்கள். நாதன் மன்னிப்புக் கேட்கவில்லை.

பிள்ளைகளே, பாலும் கோதுமையும் ஒரே வயிற்றைத்தான் வலிக்க வைக்கும். எதைச் சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு வலித்தது, வயிற்றைத் தவிர வேறு எங்கே என்ன ஆனது என்று குறித்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். அதற்கு முன்னால் எதையும் நிறுத்த வேண்டாம். நல்லது என்று நம்பி வீட்டில் போடும் பொருளையும் ஒரு தடவை படித்துப் பாருங்கள்.

கடிதம் கொடுத்த அன்று, மத்தியானக் கூட்டம் போனதும் கேண்டீன் கதவைச் சாத்தினேன். சரசுவின் ரசத்துக்கென்று ஸ்டோரில் இருந்து ஒரு புதுச் சட்டியும் கரண்டியும் எடுத்துச் சுடுதண்ணீரில் இரண்டு முறை கழுவினேன். கரண்டிக் காம்பில் அடையாளத்துக்குச் சிவப்பு நூல் சுற்றி முடிச்சுப் போட்டேன். ரொட்டி மாவு பறக்காத மேல் அலமாரித் தட்டைத் துடைத்து, இரண்டையும் அங்கே கவிழ்த்து வைத்தேன்.