வலது கால் கியர்

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய புல்லட் எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டது. அந்தக் காலத்து வண்டி. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இப்போது ஓடும் வண்டிகளில் எல்லாம் இது மாறிவிட்டது. திருத்தணியிலிருக்கும் எங்கள் வீட்டிலிருந்து கரும்புக் கொல்லைக்கு நைனா தினமும் அதில்தான் போய்வருவார். என் மகளுக்குக் கழுத்து நின்று, உட்காரத் தெரிந்து, ஓடவும் ஆரம்பித்த பிறகு, அவளையும் பெட்ரோல் டேங்க் மேல் உட்காரவைத்துக்கொண்டு போனார். அவர்கள் திரும்பும்வரை வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருப்பேன். வேண்டாம் என்று சொல்லவும் வாய் வராது. அவள் அந்த ஒரு சவாரிக்காகத்தான் சாப்பிடுவாள்.

ஒருநாள் மண்பாதையிலிருந்து தார்ச்சாலைக்கு ஏறுகிற மேட்டில் முதல் கியர் தானாக விடுபட்டு வண்டி பின்னால் உருண்டது. பின்னால் ஒரு டிராக்டர். நைனா இரண்டு கால்களையும் ஊன்றி நிறுத்திவிட்டார். சாப்பிடும்போது அவரே அதைச் சிரித்துக்கொண்டு சொன்னார்.

மறுநாளே அவரையும் வண்டியையும் மெக்கானிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மெக்கானிக் என்னைவிடச் சின்னவர். கியர் பக்கத்து மூடியைக் கழற்றி, எண்ணெயில் ஊறிய ஒரு சின்ன இரும்புத் துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

“இந்தப் பல்லு மழுங்கிப் போய்கீதுக்கா. ஸ்பிரிங்கும் செத்துப்போச்சி. கியரு எப்டி நிக்கும்? ரெண்டையும் மாத்திட்டா நல்லா ஓடும்.”

அத்தோடு விட்டிருக்கலாம். அவர்தான் கூடவே இன்னொன்றும் கேட்டார். “பிரிச்சது பிரிச்சிட்டோம், கையோட கியர லெப்ட்டுக்கு மாத்திடலாமா? குறுக்க ஒரு கம்பி குடுத்து, பிரேக்க ரைட்டுக்குக் கொண்டாந்துடலாம். இப்ப நெறைய பேரு மாத்திக்கினு போறாங்க.”

எனக்கு உடனே சரி என்று பட்டது. என் கணவர் அரக்கோணத்தில் வேலை செய்கிறார். லீவு நாளில் நைனாவின் வண்டியை எடுப்பார். அவருடைய வண்டியில் கியர் இடது பக்கம். இதில் ஏறினால் ஒவ்வொரு முறையும் தடுமாறுவார். இரண்டு வண்டியும் ஒரே மாதிரி இருந்துவிட்டால் யாருக்கும் ஆபத்தில்லை என்று கணக்குப் போட்டேன். நைனாவின் காலைப் பற்றி யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. யோசித்தேன். பழகிவிடும் என்று எனக்கு நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

“இன்னா நைனா, மாத்திடலாமா?”

“உனுக்கு எது சரின்னு படுதோ அத செய்ம்மா.”

“நீ சொல்லு. ஓட்டப்போறது நீதான?”

“ஆங், மாத்து மாத்து. படிச்ச பொண்ணு சொல்றே.”

அவர் என்னையா பார்த்தார், மூடி கழற்றிக் கிடந்த வண்டியையா என்று இப்போது யோசிக்கிறேன். அன்று அந்த ‘ஆங்’ எனக்குப் போதுமானதாக இருந்தது.

வண்டி தயாரானதும் என் கணவர், “மாமா கொல்லப் பக்கம் நாலு ரவுண்டு ஓட்டிப் பாக்கட்டும். அப்புறம் பூஜ போட்டுக்கலாம்” என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டில் புது வண்டியானாலும், பெரிய வேலை செய்து வந்த வண்டியானாலும், பூஜை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கும்வரை யாரும் ஏறி ஓட்டுவதில்லை. மெக்கானிக் ஓட்டிப் பார்ப்பது கணக்கில் வராது. அந்த மேட்டில் வண்டி உருண்டதிலிருந்து எனக்கு இதில் இன்னும் பிடிவாதம் கூடியிருந்தது. “பூஜை போடாம ஏறி எதுனா ஆயிடிச்சின்னா?” என்றேன். அம்மாவும் என் பக்கம் சேர்ந்துகொண்டார். என் கணவர் கடையிலிருந்து மலையடிவாரத்துப் பிள்ளையார் கோயில்வரை வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார்.

அன்று கிருத்திகை. மலைக்குப் போகிற கூட்டம் தெருவை அடைத்திருந்தது. ஐயர் விளக்கு மூடிக்குச் சந்தனம் வைத்து, மாலை போட்டு, சக்கரங்களுக்கு அடியில் பழம் வைத்தார். பழம் நசுக்குவது வண்டிக்காரர்தான். நைனா வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

“லெப்ட்டுல கியரு, மாமா. ரைட்டுல பிரேக்கு” என்றார் என் கணவர்.

“தெரியும் தெரியும். நீ தள்ளு.”

“முன்னாடி எடுங்க. பின்னால மட்டும் வரக்கூடாது” என்றார் ஐயர்.

எடுத்தார். பழங்கள் நசுங்கின. என் இடுப்பிலிருந்த மகள் கைதட்டினாள். அதற்குமேல் அவர் நிறுத்த வேண்டியதுதான் பாக்கி. முன்னால் பூக்கடை. அவருடைய இடது கால் எப்போதும்போல அழுத்தியது. அது இப்போது கியர். வண்டி இரண்டாவது கியருக்குப் போனது. அவர் இன்னும் பலமாக அழுத்தினார். பூக்கடைப் பலகையின் மூங்கில் கால் முறிந்து, கூடைகள் சரிந்து, வண்டி அதன்மேல் சாய்ந்தது.

“அய்யோ நைனா!” என்று பூக்காரம்மாதான் முதலில் ஓடினார். தன் கடையைப் பார்க்காமல் இவர் தோளைப் பிடித்துத் தூக்கினார். முழங்காலில் சிராய்ப்பு. வேட்டியெல்லாம் சாமந்தி.

கூட்டத்தில் ஒருவன், “பெருசு, கையில ஒரு பிரேக்கு கீதே, அது இன்னாத்துக்கு? பேசாம பஸ்ஸுல போ” என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். நைனாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே சாவியை எடுத்து என் கணவரிடம் கொடுத்தார்.

அதற்குப் பிறகு கொல்லைக்கு ஷேர் ஆட்டோவில் போனார். ஆட்டோ விடுகிற இடத்திலிருந்து வரப்பில் நடந்து போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும். காலையில் தண்ணீர் பாய்ச்சுவதை மாலைக்கு மாற்றிக்கொண்டார். முதல் சில நாள் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது, வாசலில் நிற்க வேண்டியதில்லையே என்று. பிறகுதான் அவர் வீட்டில் இருக்கும் நேரம் கூடிக்கொண்டு வருவதைக் கவனித்தேன். மத்தியானத்தில் உத்தரத்தைப் பார்த்தபடி படுத்திருப்பார். குழந்தை கையைப் பிடித்து இழுத்தால், “தாத்தாவுக்கு முட்டி வலிக்குதும்மா” என்பார். சிராய்ப்பு எப்போதோ ஆறிவிட்டிருந்தது.

பூஜைக்கு முன்னால் அந்த நாலு ரவுண்டு ஓட்டவிட்டிருந்தால் அவர் காலுக்குப் பழகியிருக்குமா? கியரை மாற்றாமலே விட்டிருந்தால்? பல்லையும் ஸ்பிரிங்கையும் மட்டும் மாற்றச் சொல்லியிருந்தால்? பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் இதுதான் ஓடிக்கொண்டிருக்கும். பூஜையால்தான் அந்த அளவோடு போயிற்று என்று அம்மா சொல்கிறார். அதையும் என்னால் முழுதாகத் தள்ளிவிட முடியவில்லை.

கடைசியில் நானே மெக்கானிக்கிடம் போனேன். “பழையபடி ரைட்டுக்கே கொண்டாந்துடுங்க” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிதான் பார்த்தார், ஆனாலும் செய்து கொடுத்தார். இந்த முறை பூஜை என்ற பேச்சை நான் எடுக்கவில்லை. என் கணவர் வண்டியை வீட்டுவரை ஓட்டிக்கொண்டு வந்தார்.

நைனா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வலது பக்கம் வந்துவிட்ட கியரைக் கையால் ஒருமுறை தொட்டார். மறுநாள் காலை, வெயில் ஏறுவதற்கு முன்பே, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். ஒரே உதையில் எஞ்சின் கிளம்பியது. மகள் ஓடிவந்து, தூக்கி உட்காரவைக்கச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டினாள். நான் அவளைத் தூக்கினேன்.

நைனா கிளட்சைப் பிடித்தபடி குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார். முதலில் ஒன்றை, பிறகு மற்றதை.

“இப்ப பிரேக்கு எதும்மா?”

“பழையபடிதான், நைனா. லெப்ட்டு.”

சொல்லிவிட்டேன். சொன்னது சரிதானா என்று நானும் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டேன். நிமிர்ந்தபோது அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எஞ்சினை நிறுத்தினார். “பாப்பாவுக்கு வெயில் ஆவுது. உள்ள இட்டுகினு போ” என்றார்.