மேடையேறிய என் சாரம்

கலவரத்தில் மலைத்தோட்டத்தை விட்டு வன்னியிலுள்ள விசுவமடுவுக்கு வந்தபின் என் மகள் வெளியாட்களிடம் வாய் திறக்கவேயில்லை. இப்படியே இருந்துவிடுவாளோ என்ற பயத்தில்தான் அவளைப் பாடசாலைப் பேச்சுப் போட்டியில் சேர்த்தேன். நான் எழுதிக்கொடுத்த நீண்ட அவை வணக்கத்தின் நடுவிலேயே சொல் மறந்து நின்றாள்.

பக்கத்துக் காணிக்கார அம்மா எழும்பினார். “அதை விடு பிள்ளை. நேற்று உங்கட கிணத்தடிக்குக் குரங்கு வந்த கதையைச் சொல்லு!”

மகள் சிரித்துவிட்டாள். “அப்பா குளிச்சுக்கிட்டிருந்தாங்க. வேலியில கிடந்த அவங்க இடுப்புச் சாரத்தைக் குரங்கு தூக்கிருச்சு!”

மண்டபமே என்னைத் திரும்பிப் பார்த்துக் குலுங்கியது. நடுவர் மணியடித்தார்.

“மணியை வையுங்கோ சேர்! மனுசன் எப்பிடி வீட்டுக்குப் போனவர் எண்டு கேப்பம்!” என்றார் அந்த அம்மா.

பரிசு கிடைக்கவில்லை. வழியில் கண்டவர்களுக்கெல்லாம் அவள் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். நானும் வெட்கமில்லாமல், அவள் விட்ட இடங்களை எடுத்துக்கொடுத்தேன்.