ஏ அடித்தால் கியூ

ஜலால் பாயின் கம்ப்யூட்டரில் ஏ அடித்தால் கியூ விழும். கியூ அடித்தால் ஏ. தன் பெயரை ஆங்கிலத்தில் அடித்தாரென்றால் அதில் இரண்டு கியூ வந்து நிற்கும். "நம்ம சாரம் ரேஷன் கடையில கூட இவ்ளோ கியூ இல்ல பாய்" என்று நான் கிண்டல் செய்வேன். சிரிப்பார். ஆனால் மாற்ற மாட்டார்.

நானும் அவரும் பாண்டிச்சேரி தட்டாஞ்சாவடியில் ஒரு பெயின்ட் கம்பெனியில் கணக்கு எழுதியவர்கள். சாரத்தில் எதிரெதிர் வீடு. மனைவி கரீமா இறந்து, ஒரே மகள் கனீஸ் பாத்திமாவும் கல்யாணமாகி பாரிசுக்குப் போன பிறகு, அவர் வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லாமல் போய்விட்டது. தனியாக இருக்கிறவர்கள் ரேடியோவை அலறவிடுவார்கள், இல்லையென்றால் கோழி வளர்ப்பார்கள். பாய் எண்பத்தேழாம் வருஷம் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். எனக்கு அது அநியாயமாகத்தான் பட்டது.

அதை ஓட்டுகிற சிஸ்டம் மட்டும் இலவசம். யாரோ கல்லூரி வாத்தியார்கள் கூடி எழுதியது. உள்ளே எழுதியிருப்பதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், பிளாப்பியில் ஏற்றி அடுத்தவருக்குக் கொடுக்கலாம். "இதுல எதையும் ஒளிச்சி வெக்கல தேவதாஸ்" என்று என்னிடம் சொந்தப் பிள்ளையைப் போலப் பெருமை பேசுவார். புத்தகத்தை வைத்துக்கொண்டு அவராகவே அதில் புரோகிராம் எழுதவும் பழகிவிட்டார்.

மறுவருஷம், லீவுக்கு வருவதாகக் கனீஸ் சொன்னாள். பாய் தலைகால் புரியாமல் ஆகிவிட்டார். அவள் சின்னவளாக இருந்தபோது, பின்கட்டில் துணிக்கொடிக்கு இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் மகள் என்று சாயங்காலமெல்லாம் ரப்பர் வளையத்தை எறிந்து ரிங் பால் ஆடுவார்கள். இப்போது பின்கட்டில் பாத்ரூம் கட்டியாகிவிட்டது, பாய்க்குத் தோளைத் தூக்க முடியாது. அதனால் அந்த ஆட்டத்தையே கம்ப்யூட்டரில் எழுதினார். திரையின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு கோடு, நடுவில் பறக்கிற ஒரு வளையம். ஆளுக்கொரு ஜாய்ஸ்டிக் இருந்தால்தான் ஆட்டம் ஆட்டமாக இருக்கும் என்று மெட்ராஸுக்கே போய் இரண்டு வாங்கி வந்தார்.

பெட்டியின் மேல் 'காம்பேட்டிபிள்' என்று அச்சடித்திருந்தது. பாய் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். பிரெஞ்சிலும் அதே வார்த்தை, அதே எழுத்து. "கோம்பாத்தீபல்னு போட்டுக்குறான் பாரு. ஒத்துப்போறதுன்னு அர்த்தம்" என்றார். எதோடு ஒத்துப்போகும் என்று அவரும் கேட்கவில்லை, கடைக்காரனும் சொல்லவில்லை. தெரிந்த பாஷையில் எழுதியிருந்தால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதற்கு மேல் சந்தேகமே வராது.

பிளக் கச்சிதமாகப் பொருந்தியது. கோடுதான் அசையவில்லை. காசு கொடுத்து வாங்குகிற சிஸ்டங்களுக்குத்தான் அந்த ஜாய்ஸ்டிக் ஒத்துப்போகுமாம். பாய் வாத்தியார்களுக்கு எழுதிக் கேட்டார். 'இதற்கான பகுதியை இதுவரை யாரும் எழுதவில்லை. நீங்கள் எழுதினால் எங்களுக்கும் ஒரு பிரதி அனுப்பவும்' என்று பதில் வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இலவசமாகக் கொடுத்துவிட்டு வேலையையும் நம் தலையில் கட்டுகிறார்களே என்று கத்தினேன். பாய் முயன்று பார்த்தார். முடியவில்லை. அதற்குள் கனீஸ் வந்து இறங்கிவிட்டாள்.

அவள் விருந்தாளியாகத்தான் வந்திருந்தாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். பாய் டீ கொடுத்தால் "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னாள். "பெத்த அப்பனுக்கு மெர்சி சொல்றாய்யா" என்று என்னிடம் வந்து புலம்பினார்.

வேறு வழியில்லாமல், ஒரே கீபோர்டில் இரண்டு பேரும் ஆடுகிற மாதிரி ஆட்டத்தை மாற்றினார். மகளுக்கு இடது ஓரம். ஏ தட்டினால் மேலே, இசட் தட்டினால் கீழே. ஜாய்ஸ்டிக் வேலை செய்திருந்தால் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். இப்போது ஒரே பெஞ்சில் தோளோடு தோள் ஒட்டி உட்கார வேண்டியதாயிற்று.

அதிலும் ஒரு கூத்து. கனீஸ் பாரிசில் ஓர் ஆபீசில் டைப்பிஸ்ட், கீழே குனிந்து பார்க்காமல் அடிக்கிறவள். பிரெஞ்சு கீபோர்டில் ஏ இருக்கிற இடத்தில்தான் நம்முடையதில் கியூ. இசட் இடத்தில் டபிள்யூ. அவள் விரல் பழக்கத்தில் அங்கேயே போனது, வளையம் அவளைத் தாண்டித் தாண்டி விழுந்தது.

"அத்தா, உங்க பொட்டி கள்ளாட்டம் ஆடுது" என்று அவர் கையில் ஓர் அடி வைத்தாள். வந்ததிலிருந்து அப்போதுதான் அவள் சிரித்தாள்.

பாய் அன்றைக்கே சிஸ்டத்தைத் திறந்து அந்த எழுத்துகளை இடம் மாற்றிவிட்டார். ஆட்டத்துக்கு மட்டும் இல்லை, மொத்தத்துக்கும். "ஆட்டத்துல மட்டும் மாத்தினா போதாதா பாய்?" என்றேன். "அவ கை எங்க போவுதோ, அங்க ஏ இருக்கணும்பா" என்றார். அதன் பிறகு அவள் கிளம்புகிற வரை, அப்பனும் மகளும் போடுகிற சண்டை என் வீடு வரை கேட்டது. மெர்சி எல்லாம் காணாமல் போய்விட்டது.

அவள் போனாள். எழுத்துகள் மட்டும் அப்படியே இருந்தன. சில சாயங்காலம் பாய் அந்த ஆட்டத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இவர் வளையத்தைத் திருப்பி அனுப்புவார். இடது ஓரத்துக் கோடு நின்ற இடத்திலேயே நிற்கும். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. அந்த எழுத்துகளை நேராக்கித் தொலையுங்களேன் என்று பல தடவை சண்டை போட்டேன். "லீவுல வரேன்னிருக்கா. வந்தா தடுமாறுவா" என்பார். அந்த லீவுக்கு அவள் வரவில்லை. அடுத்ததற்கும் வரவில்லை.

அவருக்கு வருகிற போனெல்லாம் என் வீட்டுக்குத்தான் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கனீஸ் கூப்பிட்டாள். பாய் ஓடி வந்தார். பேசி முடித்து, ரிசீவரை வைத்த பிறகும் அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

"மருமவனுக்கு லண்டன்ல வேலையாம். இவளும் அங்கயே சேந்துட்டாளாம். இங்கிலீஷ் கீபோர்டாம். 'உங்களுது மாதிரியேதான், பழகிட்டேன் அத்தா'ங்கறா."

"அப்ப நல்லதாப் போச்சு. இன்னிக்கே பழையபடி மாத்திடலாம் பாய்" என்றேன்.

பாய் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கியவர், என் பக்கம் திரும்பினார்.

"இருக்கட்டும்பா. அவ வந்து பக்கத்துல உக்காந்து, தப்பா அடிக்கட்டும். அப்ப மாத்திக்கலாம்."