பதினேழாவது பங்கு

எங்கள் நகரக் கால்பந்து லீகில் ஆறு அணிகள். கோப்பை மட்டும் மூன்று வருடமாக ஒரே வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. கடற்கரைப் பக்கம் மூன்று தங்கும் விடுதிகள் வைத்திருக்கும் ஒரு முதலாளி ஓர் அணியை எடுத்து நடத்தத் தொடங்கியதிலிருந்து இந்த நிலை. மற்ற ஐந்து அணிகளில் யாராவது ஒருவன் இரண்டு ஆட்டத்தில் நன்றாக ஆடிவிட்டால், மூன்றாவது ஆட்டத்தில் அவருடைய அணியின் சட்டையைப் போட்டிருப்பான்.

நான் அரசாங்கக் கணக்கு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எதையும் எண்ணாமல் இருக்க முடியாது. இது வியாதி இல்லை என்கிறார் டாக்டர். வியாதிதான் என்கிறாள் என் மனைவி. லீகுக்குப் பொருளாளர் வேண்டும் என்றபோது வேறு யாரும் கை தூக்காததால் நான் பொருளாளர் ஆனேன். ஆட்டம் பார்க்க வருகிறவர்களை எண்ண வேண்டும் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஆனாலும் எண்ணினேன். மூன்றாவது வருடக் கடைசியில் ஓர் ஆட்டத்துக்கு வந்தவர்கள் முப்பத்தொன்று. அதில் நான்கு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள், ஒருவர் சுண்டல் விற்க வந்தவர். ஒன்பதுக்குப் பூஜ்யம். ஏழாவது கோல் விழுந்ததும் முதலாளி அணியின் கோல்கீப்பர் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்து செல்போனில் பேச ஆரம்பித்துவிட்டான்.

அப்போதுதான் சம்பள உச்சவரம்பு பற்றிப் படித்தேன். அமெரிக்காவில் ஒவ்வொரு கால்பந்து அணியும் இவ்வளவுதான் சம்பளம் தரலாம் என்று வரம்பு கட்டியிருக்கிறார்கள். பணக்காரன் எல்லா நல்ல ஆட்டக்காரர்களையும் வாரிக்கொண்டு போகக் கூடாது, யார் ஜெயிப்பார்கள் என்று முன்கூட்டியே தெரியக் கூடாது என்பது நோக்கம். வரம்புக்கு வெளியே சில நட்சத்திரங்களை வைத்துக்கொள்ளவும் வழி விட்டிருக்கிறார்கள் என்று அதே கட்டுரையின் கடைசியில் இருந்தது. நம்மூருக்கு அது தேவைப்படாது என்று நினைத்துக்கொண்டேன்.

கமிட்டிக் கூட்டத்தில் விதியைப் படித்துக் காட்டினேன். ஓர் ஆட்டத்துக்கு ஓர் அணி தரும் கூலி மொத்தம் எட்டாயிரம் ரூபாயைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மூன்று புள்ளி வெட்டு. எங்கள் தலைவர் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து அந்த நாட்டுப் பென்ஷன் வாங்குகிறவர். நாங்கள் அவரை முசே என்றுதான் கூப்பிடுவோம். அவர், "பிரான்சுல நான் பட்டாளத்துல இருந்தப்ப..." என்று தொடங்குவதற்குள் முதலாளி கை தூக்கிவிட்டார்.

"நல்ல யோசனை சார். மொதல்ல எனக்குத்தான் செலவு கொறையும்."

அவர் எதிர்த்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சீசன் தொடங்கிய முதல் ஞாயிறு மைதானத்து வேப்பமரத்தடியில் ஏழு புது ஸ்கூட்டர்கள் நின்றன. ஏழும் ஒரே நிறம். பதிவு எண்கள் வரிசையாக இருந்தன. முதலாளியின் கணக்கில் கூலி சரியாக எட்டாயிரம்.

"வண்டி எல்லாம் ஏதுங்க?" என்று கேட்டேன்.

"நம்ம விடுதியில வேல குடுத்திருக்கேன் சார். போக வர வண்டி வேணாமா?"

"இன்னா வேலை?"

"வரவேற்பு."

"ஏழு பேருமா?"

"விருந்தாளிங்க நெறைய வராங்கல்ல."

என் விதியில் கூலி என்றுதான் எழுதியிருந்தேன். ஸ்கூட்டர் கூலி இல்லை. அந்த ஏழில் ஒன்றை ஓட்டியவன் வீராம்பட்டினம் என்ற மீனவ ஊர்ப் பையன், இடது பக்க முன்னாட்டக்காரன். போன வருடம்வரை தன் ஊர் அணிக்கு ஆடியவன்.

அவன் போன பிறகும் வீராம்பட்டினம் அணி இரண்டாம் இடத்தில் இருந்ததுதான் ஆச்சரியம். லீகில் முதல் இரண்டு அணிகள் இறுதி ஆட்டம் ஆட வேண்டும். மூன்றாம் இடத்தில், ஒரே ஒரு புள்ளி குறைவாக, நான் குடியிருக்கும் சாரம் பகுதியின் அணி. வீராம்பட்டினம் இதுவரை ஒரு தடவைகூட இறுதி ஆட்டம் ஆடியதில்லை. ஆனால் அந்த வருடம் முதலாளி அணியோடு சமமாக ஆடிப் புள்ளி எடுத்த ஒரே அணி அதுதான். சாரம் முதலாளி அணியிடம் ஆறு கோல் வாங்கியிருந்தது.

இறுதி ஆட்டத்துக்கு முந்தைய வாரம் கமிட்டி முன்னால் ஒவ்வொரு அணியும் தான் கொடுத்த கூலியை வாயால் சொல்ல வேண்டும். வீராம்பட்டினம் கேப்டன் படகிலிருந்து இறங்கி நேராக வந்திருந்தான். கால்சட்டை ஈரம் என்று நாற்காலியில் உட்காரவில்லை.

"ஆட்டத்துக்கு எட்டாயிரத்து ஐந்நூறுங்கய்யா" என்றான்.

லீகிலேயே மிக ஏழை அணி அதுதான். ஊர்ப் படகுக்காரர்கள் சேர்ந்து கொடுக்கும் பணத்தில் ஆடுகிறவர்கள்.

"எப்படிப்பா? எத்தினி பேர் நீங்க?" என்றேன்.

"ஆட்டக்காரங்க பதினாறு பேர். ஆளுக்கு ஐந்நூறு. வெளிய குந்தியிருக்கிறவனுக்கும் அதே பங்குதான். ஆத்தாவோட சேத்து பதினேழு பங்கு."

"எந்த ஆத்தா?"

"எங்க அம்மன்தாங்கய்யா. மீன் வித்த காசுல பங்கு வைக்கிறப்ப அம்மனுக்கு ஒண்ணு வைப்போம். ஆட்டத்துக் காசும் ஒழச்ச காசுதானே."

முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். "வரம்பு எட்டாயிரம். மூணு பாயிண்ட் போச்சு. சாரம் ஃபைனல் வருது. சட்டம்னா சட்டம்."

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாரம் அணிச் செயலாளர் எனக்கு அடுத்த தெருக்காரர். மேசைக்கு அடியில் என் முழங்காலை அழுத்தினார். "சார், வாயத் தொறக்காதீங்க. பிள்ளையார் நமக்குக் கண்ணத் தொறந்துட்டாரு."

முசே கேப்டனைப் பார்த்துச் சமாதானமாகச் சொன்னார். "தம்பி, அம்மன் பங்க இந்த வருசம் வைக்கலன்னு சொல்லிடேன். முடிஞ்சிடும்."

"வெச்சாச்சே முசே. வெச்சத வைக்கலன்னு எப்படிச் சொல்றது? வேணும்னா எங்க கூலிய கொறச்சிக்கிறோம்."

எட்டாயிரத்தைப் பதினேழால் வகுத்துப் பார்த்தேன். நானூற்று எழுபது ரூபாய் ஐம்பத்தெட்டு காசு, அதற்கு மேலும் தசமம் ஓடியது. எனக்குத் தலை வலித்தது.

"ஆடி முடிச்ச ஆட்டத்துக்கு இப்ப எப்படிக் கொறைப்ப?" என்றார் முதலாளி. "அந்த அம்மனும் இவங்க ஆளுதான் முசே. ஒரு பெனால்டிகூட இவங்களுக்கு எதிரா உள்ள போவலியே, பாத்தீங்களா? வேணும்னா ரிசர்வ்ல பேரு எழுதிக்கச் சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். கேப்டன் சிரிக்கவில்லை. அவன் ஈரக் கால்சட்டையிலிருந்து சிமெண்டுத் தரையில் ஒரு சின்ன வட்டம் நனைந்திருந்தது. ஊரில் இறுதி ஆட்டத்துக்கென்று இரண்டு வேன் பேசி முன்பணம் கொடுத்துவிட்டார்கள் என்று வாசலில் என்னிடம் சொல்லியிருந்தான்.

இது நியாயமா என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. கூட்டல் சரியாக வரவில்லை என்பதுதான் என் கவலை. அதனால் கேட்டேன்: "ஆட்டக்காரர் அல்லாத ஒருத்தருக்குக் கொடுத்ததும் கூலிக் கணக்குல வரும்னா, ஆட்டக்காரருக்குப் பணமா இல்லாம கொடுத்ததும் வரணும். இல்லன்னா கணக்கு ஒரு பக்கம் மட்டும் நிக்கும். ஒரு ஸ்கூட்டர் இன்னா வெலைங்க?"

முதலாளி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஏழு வண்டி," என்றேன். "பத்து ஆட்டத்துக்குப் பிரிச்சாக்கூட..."

"சார், சார்," என்று எழுந்துவிட்டார். செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளினார். "சாமி விஷயம். நாம இதுல கை வைக்கக் கூடாது. ஆடி மாசத் தேருக்கு வருசா வருசம் நான் போறவன். அம்மன் பங்குக்குக் கணக்குப் பாத்தா குடும்பத்துக்கு ஆவாது. நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன்."

"அப்ப வண்டி?" என்றேன்.

"அதுவும் அந்தப் பசங்க குடும்பத்துக்கு நான் செய்யற தர்மம் மாதிரிதான சார்? தர்மத்துக்கும் கணக்குப் பாப்பீங்களா?"

முசே நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். "கடவுள் விஷயத்துக்கு அப்பீல் இல்ல. கூலி மட்டும்தான் கூலி. எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டேன். அமெரிக்காவில் வரம்புக்கு வெளியே நட்சத்திரங்கள். நம்மூரில் அம்மனும் ஏழு ஸ்கூட்டர்களும். சாரம் செயலாளர் என்னோடு நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள், அவர் வீட்டுக் குழாயில் தண்ணீர் வராததால், பேசினார்.

இறுதி ஆட்டத்துக்கு வேன் இரண்டு போதாமல் ஊரே பஸ்ஸில் வந்தது. நான் அறுநூற்று நாற்பதுவரை எண்ணினேன். அப்போது வீராம்பட்டினம் முதல் கோல் போட்டது. நானும் எழுந்து நின்றுவிட்டேன் போலிருக்கிறது, எண்ணிக்கை தவறிவிட்டது. முதலாளி அணி ஒரு கோல் திருப்பியது. கூடுதல் நேரத்தில் இன்னொன்று போட்டு ஜெயித்தது. அந்தக் கடைசி கோலைப் போட்டவன் வீராம்பட்டினத்து ஸ்கூட்டர்காரன். போட்டுவிட்டு அவன் ஓடவும் இல்லை, கையைத் தூக்கவும் இல்லை.

கோப்பையோடு முதலாளி படம் எடுத்துக்கொண்டிருந்தபோது நான் வேப்பமரத்தடிக்குப் போனேன். அந்தப் பையன் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டிருந்தான். பின்னால் வீராம்பட்டினம் கேப்டன். அவனுக்கும் பின்னால், பந்து வலையை மடியில் வைத்துக்கொண்டு, அவர்கள் கோல்கீப்பர்.

"மூணு பேர் போவக் கூடாதுப்பா," என்றேன்.

"ஒரே ஊருக்குத்தானங்கய்யா," என்றான் கேப்டன். பிறகு முன்னால் இருந்தவன் முதுகில் குத்தினான். "ஓட்டுடா. வரவேற்புக்கு நேரமாவுது."

இந்த வருடம் சீசன் தொடங்கும் முன் கூட்டம் நடந்தது. ஆறு அணிகளும் பங்கு விவரம் சொன்னார்கள். சர்ச் பக்கத்து அணிக்கு மாதா பங்கு. இன்னொரு அணிக்கு முனீஸ்வரனும் அவர் குதிரையும் தனித்தனியாக. முதலாளி அணிக்கு நான்கு தெய்வங்கள். ஒவ்வொன்றின் பங்கும் ஒரு நல்ல முன்னாட்டக்காரனின் பழைய கூலி அளவுக்கு இருந்தது. வீராம்பட்டினம் மட்டும் போன வருடம்போலவே ஒரே அம்மன், ஐந்நூறு ரூபாய். கூட்டிப் பார்த்தேன். ஆறு அணிகள், பதினோரு தெய்வங்கள். உச்சவரம்பை யாரும் தாண்டவில்லை.

தொகையை இன்னும் எழுதாத சாரம் செயலாளர் என் காதருகே குனிந்தார். "நம்ம பிள்ளையாருக்கு எவ்ளோ சார் எழுதறது?"

முதலாளியின் நான்கு தெய்வங்களுக்கு மொத்தம் எவ்வளவோ, அதைவிட ஒரு ரூபாய் கூட்டி எழுதச் சொன்னேன்.